டெனர் சரியாகத்தான் இருந்தது

ஜோயல்,

உன் கல்யாணத்தில் பாடகர் குழுவை நான் நடத்த வேண்டும் என்று கேட்டாய். உடனே தலையாட்டிவிட்டேன். இப்போது சொல்கிறேன், என்னால் முடியாது. காரணம் ஒன்றுதான். அதைச் சொல்ல மட்டும் பத்து வருடம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. அங்கே நீ நிற்கிறாய். பதினாறு வயது. கையில் பாட்டுப் புத்தகம்.

போன மாதம் வந்தபோது, வீட்டில் நீ விட்டுப்போன பழைய லேப்டாப்பில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினாய். நீயே செய்தது. கல்யாணத்தில் பாடப்போகிறவர்கள் நாலு ஊரில் இருக்கிறார்கள். சேர்ந்து பழக இரண்டு நாள்கூடக் கிடைக்காது. அவரவர் பாடிப் பதிவு செய்து அந்தப் பக்கத்தில் போட்டால், என்ன சுரம் பாடினார்கள் என்று திரையில் கோடு கோடாக வரும். ஒரு குரல் என்றால் ஒரு வரிசைக் கோடு. நாலு குரல் சேர்ந்து பாடினால் ஒன்றன் மேல் ஒன்றாக நாலு. இடமிருந்து வலமாக நேரம் போகிறது. சுரம் ஏறினால் கோடு மேலே, இறங்கினால் கீழே. "இத்தனையும் நீயா எழுதினே?" என்று கேட்டேன். "இல்லீங்கப்பா. சுரத்தைப் பிரிக்கிற வேலைய ஒரு லைப்ரரி, ரெடிமேட் ப்ரோகிராம் மாதிரி, அது செய்யுது. யாரோ எழுதி, சும்மா எடுத்துக்கங்கன்னு குடுத்துட்டாங்க. நான் அதைப் பக்கத்துல மாட்டிவெச்சேன், அவ்வளவுதான்" என்றாய். பிறகு நான் கேட்காத ஒன்றையும் சொன்னாய். "பாட்டு வெளிய எங்கயும் போகாதுங்கப்பா. எல்லாம் இந்த ப்ரௌசருக்குள்ளயே முடிஞ்சிரும். நீங்க என்ன போட்டாலும் வேற யாருக்கும் தெரியாது."

நீ கோயம்புத்தூர் பஸ் ஏறிய மறுநாள் அந்த லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்தேன். வேறு யாருக்கும் தெரியாது என்ற சொல்தான் என்னை உட்காரவைத்தது.

அம்மாவின் பழைய போனில் இருந்ததையெல்லாம் நீ அதில் ஏற்றி வைத்திருந்தாய். அதில் ஒரு கிறிஸ்துமஸ் ஒத்திகை இருந்தது. அம்மா பெண்களின் கீழ்க்குரலான ஆல்டோ பாடுகிறவள். வீட்டில் சமைத்துக்கொண்டே பாடிப் பழகுவதற்காக, ஒத்திகையின்போது போனை ஆலயத்து ஜன்னல் விளிம்பில் வைத்துப் பதிவு செய்வாள். கோப்பின் தேதியைப் பார்த்ததுமே எந்த நாள் என்று தெரிந்துவிட்டது. திறக்காமல் மூடிவிட்டேன். இரண்டு நாள் கழித்துத் திறந்தேன்.

நான் யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். குன்னூருக்குக் கீழே ஒரு எஸ்டேட் ஃபேக்டரியில் இருபத்தேழு வருடமாக டீமேக்கர். கொழுந்து வாடுவதிலிருந்து தூள் மூட்டையாகும் வரை என் பொறுப்பு. கோயம்புத்தூரில் இயற்பியல் படித்தேன், மேலே படிக்க இடம் கிடைத்தது, போகவில்லை. ஃபேக்டரியில் கொழுந்தை நசுக்கிக் கிழிக்கும் இயந்திரங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் ரோலரில் பற்கள் இருக்கும். பல் மழுங்கினால் சத்தம் மாறும். மானேஜர் வந்து தூளைக் கையில் அள்ளிப் பார்த்துக் கண்டுபிடிப்பதற்கு முன்பே நான் சத்தத்தைக் கேட்டுச் சொல்லிவிடுவேன். அதில் எனக்குப் பெருமை. காதில் அடைத்துக்கொள்ளக் கம்பெனி நுரைக்கட்டை கொடுத்தது. ஆட்கள் எல்லோரையும் கட்டாயமாக மாட்டச் சொன்னேன். மாட்டாதவர்களைத் திட்டினேன். நான் மாட்டவில்லை. மாட்டினால் ரோலர் பேசுவது கேட்காதே என்று நினைத்தேன்.

அந்தச் சத்தத்தில் யாரும் வாயால் பேசுவதில்லை. உள்ளங்கையைக் கவிழ்த்தால் கொழுந்து போதும் என்று அர்த்தம். மற்றதெல்லாம் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வதுதான். இருபது அடி தள்ளி நிற்பவன் என்னைக் கெட்ட வார்த்தை சொன்னாலும் எனக்குத் தெரியும். ஆட்கள் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். "டீமேக்கர் ஐயா இருக்காருங்க, வாயைத் தொறக்காம திட்டுங்க" என்பார்கள். காது போனது எனக்கே தெரியாமல் போனதற்கு அந்த வித்தைதான் காரணம். காது விட்ட இடத்தைக் கண் எடுத்துக்கொண்டது. ஒரு நாள் இருந்து மறுநாள் இல்லாமல் போயிருந்தால் கவனித்திருப்பேன்.

ஆலயத்திலும் அப்படியே நடந்தது. பெண்களில் சோப்ரானோ, ஆல்டோ, ஆண்களில் டெனர், அதற்கும் கீழே பேஸ் என்று நாலு குரலுக்கும் டோ ரே மீ என்ற சுர எழுத்துகளை ஒன்றன் கீழ் ஒன்றாக அச்சடித்த புத்தகம் நம் வீட்டில் நாலைந்து இருக்கிறது. அவை எனக்கு மனப்பாடம். எந்த இடத்தில் யார் வாய் எப்படித் திறக்கும் என்று தெரியும். கையசைத்தேன். பாடினார்கள். நன்றாக இருந்தது என்றேன். பெரும்பாலும் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

அந்த நாளுக்கு வருகிறேன்.

டிசம்பர் முதல் வாரம், சனிக்கிழமை மாலை. கரண்ட் இல்லை. கீபோர்டு இல்லாமல் பாட வேண்டியிருந்தது. மெழுகுவர்த்திகளை ஜன்னல் விளிம்பில் நிறுத்தியிருந்தோம். பனி கதவு வரை வந்து நின்றது. பதினோரு பேர். பேஸ் பாட என்னோடு சேர்ந்து வழக்கமாக நிற்கும் தாமஸ் அண்ணன் அன்று காய்ச்சல் என்று வரவில்லை. அதனால் பேஸுக்கு நான் ஒருவன்தான். டெனருக்கு இரண்டு பேர். நீயும், எஸ்டேட் ஆபீஸில் தலைமை கிளார்க்காக இருந்தவரின் மகனும். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள். நான் அன்று வைத்துக்கொள்ளவில்லை.

மூன்றாவது வரியின் கடைசியில் பேஸ் 'ஸோ' என்ற சுரத்தில் நிற்கும். மேலே டெனர் 'ஃபா'வுக்கு இறங்கும். இரண்டும் ஒன்றையொன்று லேசாக உரசும். அடுத்த சொல்லில் அந்த உரசல் தீர்ந்துபோகும். அப்படித் தீர்வதற்காகவே எழுதியவர் அதை வைத்திருக்கிறார். அன்று அந்த இடம் வந்ததும் மிகக் கசப்பாக ஏதோ கேட்டது. எது என்று எனக்குப் பிரியவில்லை. ஒரு கட்டியாகக் கேட்டது. கை தூக்கி நிறுத்தினேன்.

"டெனர் சுதி எறங்குது" என்றேன்.

"இல்லீங்கப்பா, புக்குல ஃபாதான் இருக்கு. அதைத்தான் பாடறேன்" என்றாய்.

"எனக்கே புக்கு படிச்சுக் காட்டறயா? தனியாப் பாடு."

பாடினாய். சரியாக இருந்தது. எல்லோரும் சேர்ந்து பாடினோம். மறுபடியும் அதே கசப்பு. மறுபடியும் உன்னைத் தனியாகப் பாடச் சொன்னேன். மூன்று முறை. மூன்று முறையும் தனியாகச் சரி, சேர்ந்தால் பிழை. இயற்பியல் படித்தவன் அந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று யோசித்திருக்க வேண்டும். சோப்ரானோ பாடும் ரோஸ்லின் அக்கா, "விடுங்கண்ணா, பையனுக்குக் கொரல் ஒடையற வயசு" என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. பின்வரிசையில் யாரோ, "டீமேக்கர் ஊட்டுலயே சுதி நிக்கலைன்னா நாமெல்லாம் எங்கீங்க போறது" என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என்னைச் சுட்டது. நான் சொன்னேன்: "காது இல்லாதவனுக்குக் கொயர்ல என்ன வேலை?"

நீ புத்தகத்தைப் பெஞ்சில் வைத்தாய். அடுத்த ஞாயிறு பாடகர் வரிசையில் இல்லை. ஆலயத்தின் கடைசியில், மைக் செட் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தாய். அதற்குப் பிறகு எப்போதும் அங்கேதான். ஒயரைச் சுருட்டுவது, சத்தத்தைக் கூட்டுவது குறைப்பது. "தம்பி மைக் போட்டா எறைச்சலே இல்லீங்க" என்று எல்லோரும் சொன்னார்கள். நீ கண்டுகொண்ட வேலை அது என்று நான் பிறரிடம் சொல்லிக்கொண்டேன். நான் துரத்திவிட்ட இடம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. பத்து வருடத்தில் நீ குளிக்கும்போதுகூடப் பாடி நான் கேட்டதில்லை. என் காதை வைத்து எழுதுகிறேன் என்று நினைக்காதே. அம்மாவும் கேட்டதில்லை.

இதுவரை எழுதியது தவறு. இனி எழுதுவது அதைவிட மோசம்.

ஆறு வருடத்துக்கு முன்னால் கண்ணாடி மாற்றப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கோயம்புத்தூர் போனேன். போனது காது பரிசோதனைக்கு. ஒரு சிறிய அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். ரொம்ப நேரம் அழுத்தாமலே உட்கார்ந்திருந்தேன். சோதனை செய்த பெண்ணுக்கு உன் இப்போதைய வயதுதான் இருக்கும். என் முகத்துக்கு நேராக, நிதானமாகச் சொன்னாள்: "ஒருத்தர் தனியாப் பேசினா உங்களுக்குக் கேக்குதுங்க சார். நாலு பேர் ஒண்ணாப் பேசினா பிரியாது. எல்லாம் சேந்து ஒரே சத்தமாத் தெரியும். ரொம்ப வருசமா அப்படித்தான் இருந்திருக்கும்." காதுக்குக் கருவி வைக்கச் சொன்னாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

திரும்பி வரும் பஸ்ஸில், மலைப்பாதையில் பாதி ஏறியபோது, எல்லோருக்கும் காது அடைக்கும் இடம் வந்தது. எச்சில் விழுங்கினார்கள், கொட்டாவி விட்டார்கள், முன் சீட்டுக் குழந்தை அழுதது. சற்று நேரத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டது. அங்கேதான் உன் முகம் நினைவுக்கு வந்தது. மூன்று முறை தனியாகப் பாடிய முகம். அன்றே தெரிந்துவிட்டது எனக்கு. சந்தேகமாகத்தான் தெரிந்தது, ஆனால் தெரிந்தது. வீட்டுக்கு வந்தேன். கண்ணாடிக்கு நம்பர் மாறவில்லை என்றேன். அடுத்த ஞாயிறும் கையசைத்தேன்.

ஆறு வருடம் எப்படி நடத்தினேன் என்று கேட்பாய். பாட்டு முடிந்ததும், "இப்ப எப்படி இருந்துது, நீங்களே சொல்லுங்க" என்று அவர்களையே கேட்டேன். யாருக்கு எங்கே தவறியது என்று அவர்களே சொல்லித் திருத்திக்கொண்டார்கள். எனக்கு அடக்கமானவர் என்று பெயர் வந்தது. உன்னிடமும் அப்படி ஒரு முறை கேட்டிருக்கலாம்.

இப்போது அந்தப் பதிவு. போட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. லேப்டாப்பின் காற்றாடி மட்டும் சுற்றியது. பிறகு கோடுகள் வந்தன. எனக்குக் கட்டியாகக் கேட்டது அங்கே தனித்தனியாகக் கிடந்தது. இது சோப்ரானோ, இது ஆல்டோ, இது நீங்கள் இருவர், இது நான். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து பார்த்தேன். மூன்றாவது வரியின் கடைசி. டெனர் ஃபா. சரியாக இருந்தது. கீழே பேஸ் கோடு, ஸோவில் நிற்க வேண்டியது, அரைப் படி இறங்கிக் கிடந்தது. மறுபடி பாடிய இடத்திலும் அப்படியே. கடைசி முறையிலும் அப்படியே. தாமஸ் அண்ணன் வரவில்லை. அந்தக் கோடு என் ஒருவனுடையது.

உடனே ஒப்புக்கொண்டேன் என்று நினைக்காதே. ஃபேக்டரியில் ஒரு பழக்கம் உண்டு. உலர்த்தும் இயந்திரத்தில் சூடு தப்பாகக் காட்டினால் முதலில் வெப்பமானியைச் சந்தேகிப்போம். உனக்கு மெசேஜ் போட்டேன், ஞாபகம் இருக்கிறதா? இந்தச் செயலி தவறாகக் காட்டுமா என்று. "சில சமயம் யாரும் பாடாத சுரத்தையும் காட்டும்ப்பா. ஒரு சுரத்துக்கு மேல ஒட்டிக்கிட்டு வர்ற ஒலிய இன்னொரு சுரம்னு நினைச்சுக்கும்" என்று பதில் போட்டாய். எனக்கு உயிர் வந்தது. அந்த ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டு நாலு நாள் இருந்தேன். கீபோர்டில் ஒரே ஒரு கட்டையை அழுத்திப் பதிவு செய்தேன். திரையில் இரண்டு கோடு வந்தது. பார்த்தாயா, பொய் சொல்கிறது என்று எனக்கு நானே சொன்னேன். இரண்டு கட்டை, மூன்று, நாலு. ஒவ்வொன்றாகக் குறித்தேன். பொய்க்கோடு எப்போதும் மேலே வந்தது. உண்மையான சுரத்துக்கு மேலே, குட்டையாக. கீழே ஒரு முறைகூட வரவில்லை. பேஸ் கோட்டுக்கும் கீழே எதுவும் இல்லை. அது யாருடைய நிழலும் இல்லை.

பிறகு இன்னொன்றும் கேட்டேன். ஒரே சுரத்தை இரண்டு பேர் பாடினால்? "ஒரே கோடுதான் வரும்ப்பா. எத்தனை பேர், யாருன்னு அதுக்குத் தெரியாது." எதற்குக் கேட்கிறேன் என்று நீ கேட்கவில்லை. டெனரில் இரண்டு பேர் நின்றீர்கள். ஒரே கோடு வந்திருக்கிறது. அப்படியென்றால் கிளார்க்கின் மகனும் நீ பாடியதைத்தான் பாடினான். டெனர் இறங்குகிறது என்று நினைத்தவன் இருவரையும் சொல்லியிருக்க வேண்டும். அவனைத் தனியாகப் பாடு என்று சொல்லவில்லை. சொன்னால் அவன் அப்பா திங்கட்கிழமை ஆபீஸில் என்னைப் பார்க்கும் பார்வை வேறாக இருக்கும். உன்னைச் சொன்னால் கேட்க ஆளில்லை. நீ என் பிள்ளை.

செவிடாக இருந்தது என் குற்றமில்லை என்று வாதாடலாம். இதற்கு வாதமில்லை.

உனக்கு இன்னும் மூன்று வாரத்தில் கல்யாணம். அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. இதை மட்டும் கேள். ஏதோ தப்பாக இருக்கிறது, எங்கே என்று தெரியவில்லை என்னும் நேரம் வீட்டில் அடிக்கடி வரும். அப்போது கை தானாக நீளும், திருப்பிப் பேசமாட்டார்கள் என்று நமக்குத் தெரிந்தவரை நோக்கி. இனி உன் வீட்டில் அது பிரீத்தியாக இருக்கும். பிறகு ஒரு குழந்தையாக இருக்கும். கை நீளும்போது ஒரு கணம் உன் சுரத்தைப் பார்த்துக்கொள். உன்னால் கேட்க முடியாவிட்டால் அவளைக் கேள். அவள் சொன்னால் புத்தகத்தைக் காட்டிச் சண்டை போடாதே.

அம்மாவுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வலது பக்கம். "ஏனுங்க, இத்தனை வருசமா நான் எதுக்கு உங்க சோத்தாங்கைப் பக்கமாவே உக்காந்து பேசறேன்னு நெனைச்சீங்க?" என்றாள். அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்றேன். "நீங்க சொல்வீங்கன்னு பாத்தனுங்க" என்றாள்.

இருவருமாக அந்தப் பதிவை முழுதாகக் கேட்டோம். பாட்டு நின்ற பிறகும் போன் பதிவு செய்துகொண்டே இருந்திருக்கிறது. நான் உன்னைத் திட்டியதையும் அந்தச் செயலி சுரமாக எடுத்துக்கொண்டு, சிறுசிறு கோடுகளாகத் திரையெல்லாம் சிதறிப் போட்டிருந்தது. அதற்குப் பிறகு வெற்றிடம். வெற்றிடத்தின் நடுவில் ஒரு சின்னக் கோடு. எனக்கு அங்கே ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவைக் கேட்டேன். அவள் மூன்று முறை திருப்பிப் போட்டுக் கேட்டாள். "'சரிங்கப்பா'ன்னு சொல்றான்" என்றாள்.

உன்னை எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். அதனால் இதையும் எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்தைச் சபையின் மாத இதழில் போடச் சொல்லி நம் போதகர் ஐயரிடம் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். ஆனால் அது உன் பெயரையும் மறுபடி சபையில் இழுப்பது. இந்த முறை உன்னைக் கேட்காமல் செய்யமாட்டேன். நீ வேண்டாம் என்றால் இது நம் வீட்டோடு நிற்கட்டும். பாடகர் குழுவை ரோஸ்லின் அக்காவிடம் ஒப்படைத்துவிட்டேன். கல்யாணத்தன்று நான் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். பாடு என்று உன்னைக் கேட்கமாட்டேன். கேட்கும் உரிமை எனக்கு இல்லை.

இதையெல்லாம் எழுதும் எண்ணம் முதலில் இல்லை. போன வியாழக்கிழமை உனக்குப் போன் செய்தேனே, அப்போதே சொல்லிவிடத்தான் செய்தேன். அம்மா கடைக்குப் போயிருந்தாள். வீட்டில் நான் மட்டும். "அன்னைக்கு டெனர் சரியாத்தான் இருந்துது கண்ணு. நான்தான் தப்பாப் பாடினேன்" என்றேன். வேறெதுவும் சொல்ல வரவில்லை. போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். மற்றக் காதுக்கு மாற்றினேன். ரொம்ப நேரம் கழித்து வைத்துவிட்டேன்.

நீ ஒன்றும் சொல்லவில்லையா, இல்லை மெதுவாக ஏதாவது சொன்னாயா, எனக்குத் தெரியவில்லை. சொல்லியிருந்தால், எழுதி அனுப்பு.

அப்பா